காட்டணுமா?

இல்ல சார், எனக்குக் கோபமெல்லாம் இல்ல. நீங்க கேட்டது நியாயமான கேள்விதான். வெறும் ஒரு ஜோடிச் சீட்ட வச்சுக்கிட்டு, நான் தள்ளின மொத்தத்துக்கும் சரிக்குச் சரி காசு வச்சு எந்த மடையன் கால் பண்ணுவான்னு எல்லார் முன்னாடியும் கத்தினீங்க. பரவால்ல. அந்த மடையன் நான்தான். உக்காருங்க, சொல்றேன். மத்தவங்க டீ குடிச்சிட்டு வரப் பத்து நிமிஷமாவது ஆகும். சீட்டு போடற அம்மாவும் கீழ போயிட்டாங்க. நீங்களும் நானும்தான்.

காபி வேணாமா? சரி, நான் குடிக்கறேன்.

என் கையில என்ன இருந்துச்சு? ராஜாவும் பத்தும். நடுவுல எல்லாருக்கும் பொதுவா முதல் மூணு சீட்டு என்ன விழுந்துச்சு? ராஜா, ஏழு, ரெண்டு. ஆக எனக்கு ராஜா ஜோடி. டாப் பேர்னு சொல்றோமே, கீழ கிடக்கறதுல பெரிய சீட்டோட ஜோடி, அவ்வளவுதான். நல்ல கைதான், ஆனா தலைய அடகு வைக்கற அளவுக்கு நல்ல கையில்ல. ஒழுங்கா ஆடற ஆளு யாராவது எதிர்ல உக்காந்து மொத்தத்தையும் தள்ளியிருந்தா, சத்தமில்லாம சீட்டக் கவுத்துட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன். ஆனா எதிர்ல உக்காந்திருந்தது நீங்க.

உங்களுக்கு இங்க என்ன பேருன்னு தெரியுமா? அட, தெரியாதா? புல்டோசர். முகத்துக்கு நேரா யாருக்கு சொல்ல தைரியம் இருக்கு? நீங்க மட்டும் என்னைக் கண்ணாடி, டேய் கண்ணாடின்னு கூப்பிடலாம். கூப்பிடுங்க. கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்றவனை வேற எப்படிக் கூப்பிடுவாங்க.

என் பொழப்பே ஒரு கேள்விதான் சார். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அந்த இருட்டு ரூம்ல லென்ஸ மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். பாதிப் பேரு தெரியாத எழுத்தையும் தெரியுதுன்னுதான் சொல்வாங்க. கௌரவம். அதனால ஒருத்தர் ஒரு தடவ சொல்றத நான் எடுத்துக்க மாட்டேன். திரும்பத் திரும்பக் கேப்பேன். உங்ககிட்டயும் அதத்தான் பண்ணேன், ஏழு மாசமா, சனிக்கிழமை தவறாம.

உங்க மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்க யாராலயும் முடியாது, அத ஒத்துக்கறேன். கையில ஏஸ் ஜோடி இருந்தாலும் தள்ளுவீங்க, குப்பை இருந்தாலும் தள்ளுவீங்க. சில நாள் சீட்டத் தூக்கிப் பாக்கறதுகூட இல்ல. இப்படிப்பட்ட ஆளுகிட்ட டாப் பேர வச்சுக்கிட்டு வீரம் காட்டக் கூடாது. நான் பந்தயத்த ஏத்தினா என்ன ஆகும்? உங்ககிட்ட குப்பைன்னா போட்டுட்டுப் போயிடுவீங்க. என்னை அடிக்கற சீட்டு இருந்தா மட்டும் நிப்பீங்க. தோக்கறதுக்குன்னே ஏத்தின மாதிரி ஆயிடும். அதனால வாய மூடிக்கிட்டு கால் பண்ணேன். நாலாவதா எட்டு விழுந்துச்சு. நீங்க ரெண்டு மடங்கு போட்டீங்க. அதுக்கும் கால். என்னடா இவன் பொம்மை மாதிரி உக்காந்திருக்கான்னு உங்களுக்கு எரிச்சல் வந்துச்சுல்ல? வரட்டும்னுதான் உக்காந்திருந்தேன்.

இப்படிக் கால் பண்ணி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு. அந்த மழை நாள்ல மூணு ஏழக் காட்டி என்னைத் தொடச்சு அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா? நான் பஸ்ஸுக்குக்கூட இல்லாம நடந்தே வீட்டுக்குப் போனேன். ஆனா போகும்போது ஒண்ணு யோசிச்சேன். அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை பேசல சார். தள்ளினீங்க, கம்முனு இருந்தீங்க.

இன்னிக்குப் பேசினீங்க.

அஞ்சாவதா மூணு விழுந்துச்சு. மொத்தத்தையும் தள்ளினீங்க. தள்ளிட்டு வாட்சக் கழட்டி மேசை மேல வச்சீங்க. அப்புறம் முன்னாடி சாஞ்சு, ரொம்ப அன்பா, என்ன சொன்னீங்க? என்கிட்ட எல்லாம் இருக்கு தம்பி, காட்டணுமா?

அந்தக் காட்டணுமாவுக்காகத்தான் சார் நான் இந்த ரூமுக்கே வர்றேன். காசுக்குப் பதிலா மேசையில வைக்கற இந்த சிப்ஸுக்காக இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எல்லாம் இருக்கு, காட்டணுமான்னு இந்த மனுஷன் எப்பக் கேக்கறான்? இருக்கும்போதா, இல்லாதபோதா? இதுவரைக்கும் என்கிட்ட பதினோரு தடவ கேட்டிருக்கீங்க. பதினோரு தடவையும், தோத்தாலும் பரவால்லன்னு கால் பண்ணி உங்க சீட்டப் பாத்திருக்கேன். பல நாள் என் கையில ஜோடிகூட இல்ல, வெறும் ராணி. பதினோரு தடவையும் உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. இன்னிக்குப் பன்னெண்டு. உங்க கையில அஞ்சும் ஆறும். நாலோ ஒம்போதோ வந்து வரிசை சேந்திருந்தா நான் காலி. வரல. இருக்கறவன் காட்டிடுவான் சார், கேட்டுக்கிட்டு இருக்க மாட்டான்.

ஏன் சிரிக்கறீங்க? சிரிங்க. இதுக்கு ஏழு மாசமான்னு தோணும்.

இந்த வார்த்தைய நான் முதல்ல கேட்டது இந்த ரூம்ல இல்ல. நீங்க மேனேஜரா இருக்கற கம்பெனியில ஸ்டோர்கீப்பர் ஒருத்தர் இருந்தாரு. ஆறு வருஷம் ஆச்சு, உங்களுக்கு மறந்திருக்கும். காதுல பென்சில் சொருகியிருப்பாரு, செப்புக் கம்பிச் சுருளத் தோள்ல போட்டுக்கிட்டே பாட்டு முணுமுணுப்பாரு. எட்டுச் சுருளக் காணோம்னு அவரை உங்க ரூமுக்குக் கூப்பிட்டீங்க. கதவச் சாத்தினீங்க. வாட்சக் கழட்டி மேசை மேல வச்சீங்க. கேமராவுல எல்லாம் இருக்குப்பா, காட்டணுமா, காட்டினா போலீஸு, கையெழுத்துப் போட்டா இதோட போச்சு.

கையெழுத்துப் போட்டுட்டாரு. ஏன்னா தினமும் அந்தச் சுருள வெளிய தூக்கிட்டுப் போறதுதான் அவரு வேலை, நீங்க சொல்லித்தான் தூக்கினாரு. தூக்கறது கேமராவுல இருக்கத்தானே செய்யும்? லாரிக்குத் தூக்கறானா வீட்டுக்குத் தூக்கறானான்னு கேமராவுக்கு என்ன தெரியும்னு பயந்துட்டாரு. நல்ல கைய வச்சிருந்தும் கவுத்துட்டு எந்திரிச்சவரு சார் அவரு. காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். வாய் வரல. இப்ப ஒரு லாண்டரியில அடுத்தவங்க துணிய மடிச்சுக்கிட்டிருக்காரு. பாட்டெல்லாம் போயிடுச்சு.

காபி கேட்டீங்களா? இப்ப வேணுமா? ஆறிடுச்சே.

திங்கக்கிழமை காலையில பத்தரைக்கு உங்க முதலாளியப் பாக்க வர்றேன். அவரு எங்க கடையிலதான் கண்ணாடி போடறாரு, கேட்டதும் நேரம் குடுத்துட்டாரு. அந்தப் பதிவ சிடி போட்டு ஃபைல்ல வச்சிருக்கேன்னு அன்னிக்கு நீங்க அவருகிட்ட சொன்னீங்களாம். அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அத எடுத்துட்டு வாங்கன்னு சொல்லப் போறாரு. நீங்க எந்த பீரோவத் திறப்பீங்க, என்ன தேடுவீங்க, கழுத்துல எப்படி வேர்க்கும், எல்லாத்தையும் பக்கத்துல நின்னு பொறுமையாப் பாக்கணும். அதுக்குன்னே லீவு போட்டிருக்கேன். அவசரமே இல்ல, நீங்க நிதானமாத் தேடுங்க. அந்த சிடி இருந்துச்சுன்னா உங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்.

இல்ல, நான் வக்கீல் இல்ல. யூனியனும் இல்ல. அந்த ஸ்டோர்கீப்பர் எனக்கு என்ன வேணுமா? கூடப் பொறந்தவன் சார். எங்கண்ணன்.

எந்திரிக்காதீங்க, உங்கள அடிக்கப் போறதில்ல. உங்க கணக்கு திங்கக்கிழமை. அதுல எனக்குத் தூக்கம் கெடல, சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அண்ணன் நேரா வந்தது என் வீட்டுக்குத்தான். வாசல்ல நின்னு, நான் எடுக்கலடா, நீயாவது நம்புன்னான். கேமராவுலயே இருக்காமே, அப்புறம் என்னடான்னு கேட்டு, கதவச் சாத்தினவன் நான்தான். உங்க வார்த்தைய ஒரே ஒரு தடவ கேட்டேன், அதுவும் அவன் வாயாலயே. நம்பிட்டேன். என் கல்யாணத்துக்குக்கூட அவனக் கூப்பிடல.

அவன் வீடு இங்கேர்ந்து ரெண்டு தெருதான். இப்பப் போய் அந்தக் கதவத் தட்டணும். அதுக்குக் கால் வரமாட்டேங்குது சார், அதான் உங்களோட உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்.