ஒரு சாண் போதும்

தம்பி: கதவைத் திறக்காதக்கா!

அக்கா: தெருவே வாசல்ல வந்து நிக்குது. எதிர் வீட்டு ஸ்லாப் இடிஞ்சு கொத்தனார் அடியில மாட்டிக்கிட்டுக் கத்துறாரு. நீ என்னடான்னா...

தம்பி: செருப்பைத் தேடுறேன்.

அக்கா: பஸ்ஸையே ஒத்தக் கையால தூக்கின ஆளு! செருப்பு கிடைச்சாத்தான் வருவியா?

தம்பி: இங்கதான் கழட்டிப் போட்டேன்...

அக்கா: உண்மையைச் சொல்லித் தொலைடா.

தம்பி: பலம் போயிடுச்சுக்கா.

அக்கா: என்னது? எப்போ?

தம்பி: ரெண்டு மாசத்துக்கு முன்ன, மழை ஆரம்பிச்ச அன்னைக்கு. காலையில எந்திரிச்சு தண்ணிக் குடத்தைத் தூக்குறேன், மூச்சு வாங்குது.

அக்கா: மழை ஆரம்பிச்ச அன்னைக்கா...

தம்பி: ஏன்?

அக்கா: ஒண்ணுமில்ல. அப்ப போன மாசம் பள்ளிக்கூடச் சுவர் சாஞ்சப்ப பிள்ளைங்கள எப்படி எடுத்த?

தம்பி: ஜாக்கி வச்சேன். நாலு கட்டைய முட்டுக் குடுத்தேன். ஒரே தூசி... யாரும் பாக்கல.

அக்கா: அடப்பாவி! எங்கடா கத்துக்கிட்ட?

தம்பி: பயத்துலதான். பலம் இருந்தப்ப இழுத்துத் தள்ளிட்டுப் போயிட்டே இருப்பேன். இப்பத்தான் எது எதைத் தாங்கி நிக்குதுன்னு பாக்கவே ஆரம்பிச்சிருக்கேன்.

அக்கா: அப்ப ஜாக்கிய எடுத்துக்கிட்டு வா.

தம்பி: அவ்வளவு பெரிய ஸ்லாப்புக்கா? நசுங்கிடும். வெறுங்கையோட போய் நின்னா காறித் துப்புவாங்க. பலம் இல்லாம நான் யாருக்கா?

அக்கா: துப்பினா தொடைச்சுக்கலாம். கிளம்பு.

தம்பி: கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயேன், சின்ன வயசுல மாதிரி... ஏன் பின்னால போற?

அக்கா: இடுப்பு வலிடா.

தம்பி: இடுப்பு வலிக்குக் கையை ஏன் ஒளிக்கிற? பாப்பா அழுதாக்கூட மாமாதான் தூக்குறாரு. குழாய், கதவுப் பிடி, எல்லாம் நீ தொட்டா கையோட வருது...

அக்கா: அங்க ஒரு உசுரு போயிட்டிருக்கு! ஜன்னல் வழியாப் பாத்துச் சொல்லு. எந்தப் பக்கம் தூக்கணும்?

தம்பி: வலது மூலை. இடது பக்கம் தொட்டா தூண் சாஞ்சிடும். மெதுவா ஒரு சாண் தூக்கினாப் போதும், ஆளை உருவிடலாம். ஆனா யாருக்கா தூக்குறது?

அக்கா: நான்தான்டா. அந்த மழையிலேர்ந்து பெத்த பிள்ளையத் தொடப் பயந்து சாகுறேன், எங்க நசுக்கிடுவேனோன்னு... நீ பக்கத்துல நின்னு 'போதும்'னு மட்டும் சொல்லு. நிறுத்திக்கிறேன்.