கி-தேக் தாத்தா முறை

சாங்-ஹ்வான்: யாரைப் பாத்துடா யாங்பான்னே?

கி-தேக்: உங்களைத்தான் பெரியவரே. பின்னாடி பாக்காம காரை எடுத்து என் வண்டிக் கண்ணாடியை உடைச்சா, வேற எப்படிக் கூப்பிடுறது?

சாங்-ஹ்வான்: கண்ணாடி கிடக்கட்டும். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கு.

கி-தேக்: முதல்ல நீங்க மன்னிப்புக் கேளுங்க. அது திட்டே இல்லையே! அந்தக் காலத்து ராஜா சபையில கிழக்கே ஒரு வரிசை, மேற்கே ஒரு வரிசை, பெரிய பெரிய அதிகாரிங்க நிப்பாங்க. அந்த ரெண்டு வரிசைக்கும் பேருதான்...

சாங்-ஹ்வான்: எனக்கே பாடமா? அதெல்லாம் அந்தக் காலம்! இப்ப நடுரோட்டுல சண்டை போடுறவன் எல்லாம் யாங்பான்.

கி-தேக்: உங்க வீட்டம்மா உங்களை 'எங்க வீட்டு யாங்பான்'னு சொல்றதில்லையா?

சாங்-ஹ்வான்: சொல்லுவா.

கி-தேக்: அப்ப கோவம் வருதா?

சாங்-ஹ்வான்: ...அவ சொல்ற குரலைப் பொறுத்து.

கி-தேக்: பாத்தீங்களா!

சாங்-ஹ்வான்: டேய், நான் நிஜ யாங்பான் பரம்பரை. வீட்டுல வம்சப் புத்தகம் பதினோரு தொகுதி இருக்கு. அதான் சுருக்குனு குத்துது.

கி-தேக்: எங்க வீட்டுலயும்தான் இருக்கு. போன்ல இன்சூரன்ஸ்காரர் கேக்குறாரு, பேரைச் சொல்லுங்க.

சாங்-ஹ்வான்: பியோ சாங்-ஹ்வான்.

கி-தேக்: ...பியோ குலமா? எந்த ஊர் பியோ?

சாங்-ஹ்வான்: சொங்கோக் பியோ. ஏன்?

கி-தேக்: நானும் சொங்கோக் பியோ! பியோ கி-தேக்.

சாங்-ஹ்வான்: அட, நம்ம பையனா! முதல்லயே சொல்லக்கூடாதா... இரு. உன் பேருல 'கி'யா வருது?

கி-தேக்: ஆமா. பேரைப் பாத்தாலே தலைமுறை தெரியுமே. நம்ம குலத்துல தலைமுறைக்கு ஒரு எழுத்து. 'கி' இருபத்தஞ்சாவது. உங்க 'சாங்'...

சாங்-ஹ்வான்: அதை விடு.

கி-தேக்: இருபத்தேழாவது! ரெண்டு தலைமுறை நான் மூத்தவன். அப்படின்னா உங்களுக்கு நான்...

சாங்-ஹ்வான்: வாயைத் திறக்காதே!

கி-தேக்: தாத்தா முறை.

சாங்-ஹ்வான்: உனக்கு என் மகன் வயசுடா!

கி-தேக்: தாத்தாவையா 'டா' போடுறது?

சாங்-ஹ்வான்: உனக்கு... உங்களுக்கு...

கி-தேக்: அப்படி வாங்க வழிக்கு. நல்லாக் குனிஞ்சு, 'தப்பு என்னுதுதான் தாத்தா'ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது.

சாங்-ஹ்வான்: கடைக்காரங்க எல்லாம் பாக்குறாங்க...

கி-தேக்: பாக்கட்டுமே. பரம்பரைக்குப் பெருமைதானே?

சாங்-ஹ்வான்: கொஞ்சம் கிட்ட வா... வாங்க. வெளிய சொல்லக்கூடாது.

கி-தேக்: சொல்லு பேராண்டி.

சாங்-ஹ்வான்: கண்ணாடி உடைஞ்சது என் தப்புதான். மனசார மன்னிப்புக் கேக்குறேன். ஆனா தாத்தான்னு மட்டும் கூப்பிட முடியாது. ஏன்னா... நாங்க பியோவே இல்ல. எங்க கொள்ளுத்தாத்தா உப்பு மூட்டை சுமந்தவரு. உழவு மாட்டைக் குடுத்து அந்த வம்சப் புத்தகத்துல பேரு ஏத்திக்கிட்டாரு. போதுமா?

கி-தேக்: ...மாடா? முழு மாடா?

சாங்-ஹ்வான்: முழு மாடுதான். ஏன்?

கி-தேக்: அய்யய்யோ, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க! எங்க பூட்டன் ரெண்டே மூட்டை வாற்கோதுமைக்கு வாங்கிட்டாரு.