கதவு கழற்றிய வீடு

மனைவி: அதில்லங்க… கக்கூஸுக்குமா கதவு இல்ல?

கணவர்: மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க.

கைடு: நல்ல கேள்வி மேடம். இந்த வீட்டை வடிவமைச்ச மேதைக்குக் கதவுன்னாலே ஆகாது. “கதவுங்கறது மனுஷனோட பயம்”னு சொல்வார். அங்க பாருங்க, சுவரு ஒரு வளைவு எடுக்குது. வளைஞ்சு உள்ள போயிட்டா ஆள் தெரியாது.

மனைவி: ஆள் வளைஞ்சு போயிடுவான். சத்தம்?

கைடு: சத்தம்… அது வெளியோட உரையாடும் மேடம்.

கணவர்: ஆஹா! கேட்டியா?

மனைவி: இங்க நின்னா கேக்காம இருக்குமா… ஆமா, இந்தச் சுவரோரமா வரிசையா ஓட்டை அடைச்சிருக்கே, என்னது?

கைடு: அது வந்து… இங்க குடியிருந்தவங்க, வந்த கொஞ்ச நாள்லயே எல்லா ரூமுக்கும் கதவு போட்டுட்டாங்க. புனரமைப்புல பெரிய வேலையே அதைக் கழட்டினதுதான்.

மனைவி: குடியிருந்தவங்க போட்டத, குடியிருக்காதவங்க கழட்டிட்டீங்க. நீங்க எங்க உக்காருவீங்க?

கைடு: பின்னாடி ஆபீஸ் ரூம்ல.

மனைவி: அதுக்குக் கதவு?

கைடு: …இருக்கு மேடம். ஏசி போட்டிருக்கே.

கணவர்: கிண்டல் போதும். காத்து எப்படி வருது பாரு! நம்ம வீட்டையும் இப்படிக் கட்டினா மனசு விசாலமாகும்.

மனைவி: என் மனசு விசாலமாத்தான் இருக்கு. உங்க குடும்பமே அதுலதான் குடியிருக்கு. எனக்கு ஒரு ரூம் வேணுங்க. தாழ்ப்பாளப் போட்டுட்டு சும்மா உக்காரணும். கல்யாணமான நாள்லேருந்து, அழுகை வந்தாக்கூட குழாயத் தொறந்து விட்டுட்டுதான் அழறேன்.

கைடு: நான் வேணா மாடியில இருக்கேன்…

கணவர்: சார், போயிடாதீங்க!

மனைவி: அவர் இருந்தா நான் கத்த மாட்டேன்னா? என்ன மறைக்கறீங்க?

கணவர்: அது… நம்ம வீட்டுக்கு சுவரு எழும்பிடுச்சு. இதே மாதிரி, கதவில்லாம. உன்ன இங்க கூட்டிட்டு வந்து காட்டினா மனசு மாறும்னு…

மனைவி: தெரியும்.

கணவர்: தெரியுமா! யாரு சொன்னா?

மனைவி: உங்கம்மா. சைட்டப் பாத்துட்டு வந்து ஒரே குதி. நாங்க ரெண்டு பேருமா கார்பென்டரப் பாத்து எல்லா ரூமுக்கும் கதவு சொல்லிட்டோம். உங்க ரூமுக்கு மட்டும் தாழ்ப்பாள வெளிப்பக்கமா வெக்கச் சொன்னாங்க அத்தை.