ஸ்கேன் படங்களுக்குக் கடைசி இடம்

கல்யாண வீட்டில் நான் எப்போதும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவேன், இன்ஸ்பெக்டர் சார். முண்டியடிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

என் வேலையே வரிசை போடுவதுதான். நான் இருப்பது ஆஸ்பத்திரியின் திண்டிவனம் கிளையில். பெரிய டாக்டர் இருப்பது விழுப்புரத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரே நெட்வொர்க் லைன். ஸ்கேன் படம், கண்காணிப்புக் கேமராப் பதிவு எல்லாம் அதில்தான் போக வேண்டும். எது முந்துவது, எது நிற்பது என்று அந்த லைனின் சுவிட்ச் பெட்டியில் நான் அமைத்துவைப்பேன். ஸ்கேன் படத்துக்கு முதலிடம் கொடுத்ததும் நான்தான்.

தேவசகாயம் எங்கள் ஊர் மாதா கோயில் கமிட்டித் தலைவர். என் அப்பா இறந்த அன்று சவப்பெட்டியைக் கோயில் வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டார். உள்ளே அவர் பேரனுக்கு ஞானஸ்நானம்.

"கொஞ்சம் பொறுப்பா. செத்தவருக்கு இன்னா அவசரம்" என்றார்.

எங்கள் தெருக்காரர்கள் அந்தக் கோயிலில் பொறுத்தே பழகியவர்கள். திருவிழாத் தேர்கூட எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடும். அன்று எரிந்த வயிறு எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் அவரைப் பக்கவாதம் என்று தூக்கிவந்தார்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைச் சீக்கிரம் போட வேண்டும். விழுப்புரத்து டாக்டர் படம் பார்த்துச் சொன்னால்தான் போடுவார்கள். நான் கேமராப் பதிவை முதலில் வைத்து, ஸ்கேன் படத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். மேலே உள்ளது தீராமல் கீழே உள்ளது நகராது. கேமராப் பதிவு எப்போதும் தீராது.

நர்ஸ் ரோஸ்லின் என் அறைக்கு ஓடிவந்தாள். "படம் போவவே மாட்டேங்குதுண்ணே. ஜல்தி பாருங்க."

"போய்க்கினுதாம்மா இருக்குது" என்றேன்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டுத் தொம்மை மாமா வந்து நின்றார். அவர் மனைவி லூர்துசெல்வி அக்காவுக்கும் அதே பக்கவாதம். அக்காவின் படமும் அதே வரிசையில் சிக்கியிருந்தது.

"நீ இருக்கறன்னுதான் இங்க இட்டாந்தேன், ஆன்டனி."

சுவிட்ச் படம் என்று பார்க்குமே தவிர யாருடைய படம் என்று பார்க்காது. பழையபடி மாற்றினால் முதலில் போவது தேவசகாயத்தின் படம். அதனால் மாற்றவில்லை. "பொறுத்துக்குங்க மாமா" என்றேன். அவர் பொறுத்துக்கொண்டார்.

தேவசகாயத்தின் மகன்கள் பொறுக்கவில்லை. வாசலில் நின்ற காரில் அப்பாவை ஏற்றிப் பாண்டிச்சேரிக்குப் பறந்துவிட்டார்கள். எனக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது. மனிதர் பிழைத்துவிட்டார். கோலை ஊன்றிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வருகிறார்.

அக்கா மறுநாள் இறந்துபோனார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

கையெழுத்துப் போடுகிறேன் சார், மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று தேவசகாயம் மற்றவர்களைப்போல் பொறுத்திருந்து செத்திருந்தால், நான் உடனே சுவிட்சை மாற்றியிருப்பேன். லூர்துசெல்வி அக்காவைக் கொன்றது அவர்தான்.