முரடனைத் திறக்கிற நாள்

மச்சினன்: …அப்புறம் இது. பழைய சாமான் கடையில, உடைஞ்ச கதவுப்பிடியெல்லாம் போட்டு வெச்சிருந்த டப்பாவுல அடியில கிடந்துச்சு மாமா. மடக்குக்கத்தின்னு கடைக்காரனுக்கே தெரியல. கைப்பிடி எலும்பு. தொட்டுப் பாருங்க.

தையல்காரர்: வலது கையில வை.

மச்சினன்: இடது கையிலயே பாருங்களேன்…

தையல்காரர்: வலது கையில வைடா.

மச்சினன்: சரி சரி. இந்தாங்க.

தையல்காரர்: ம்… எலும்புதான். அலகு ரெண்டு இருக்கு. செஞ்சவன் முத்திரை எங்க?

மச்சினன்: அதான் வயித்தெரிச்சல். பளபளன்னு இருந்தா நல்ல விலைக்குப் போகும்னு கடைக்காரன் உப்புத்தாளைப் போட்டுத் தேச்சிட்டான்.

தையல்காரர்: பாவி. எத்தனை வருஷமா ஏறின கறுப்பு… அதோட செஞ்சவன் பேரும் போச்சு.

மனைவி: கத்திக்கு இவ்வளவு துக்கம். கடை ஷட்டர் வலது கையில விழுந்து எலும்பு நொறுங்கினப்ப இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசல.

மச்சினன்: அக்கா, நீ பட்டனைத் தை.

மனைவி: அதைத்தானேடா தைச்சிட்டிருக்கேன். துணி வெட்ட ஆளில்லாத கடையில வேற என்ன இருக்கு? பட்டனும் ஜிப்பும்தான்.

தையல்காரர்: அதுக்கு இன்னிக்கு ஒரு முடிவு கட்டுறேன். அடுத்ததைக் காட்டு மாப்ள.

மச்சினன்: இது தோட்டக்காரங்க வெச்சிருக்கிறது. கிளிமூக்கு மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க. இது பழம் நறுக்க. கைப்பிடி முத்துச்சிப்பி.

மனைவி: கொய்யாக்காயைக் கண்டா ஓடிடும் போல இருக்கு.

தையல்காரர்: அழகுதான். ஆனா என்னடா, ஊதினாலே திறக்குது?

மச்சினன்: ஊதல மாமா, நீங்க நகத்தால திறந்தீங்க. உங்க கட்டைவிரல்தான் திறந்துச்சு.

தையல்காரர்: ம். கொஞ்ச நாளா நீ கொண்டு வர்றதெல்லாம் இப்படித்தான். துருப்பிடிச்ச கிழட்டுக் கத்தியெல்லாம் உன் கைக்கு மட்டும் இவ்வளவு சாதுவா வருது.

மச்சினன்: என் ராசி அப்படி.

தையல்காரர்: ராசியை அப்புறம் பார்க்கலாம். பெட்டியைத் திற. இருக்கிறதுலயே இறுக்கமான கத்தி, நம்ம முரடனை எடு.

மச்சினன்: இன்னிக்கேவா…

தையல்காரர்: நாம கத்தி சேர்க்க ஆரம்பிச்சப்ப என்ன பேசி வெச்சோம்? சொல்லு.

மச்சினன்: சொந்த நகத்தால திறக்க முடியாத கத்தியை வெச்சுக்கக் கூடாது, திறக்கிறவனுக்குக் குடுத்துடணும்னு… மாமா, அது ஏதோ வயசுத் திமிர்ல பேசினது.

தையல்காரர்: அந்தத் திமிர்லதான் உன் மாலுமிக் கத்தியை நான் பிடுங்கிக்கிட்டேன். நீ திறக்க முடியாம முழிச்சே. அன்னிக்கு ஒரு நியாயம், இன்னிக்கு ஒரு நியாயமா?

மச்சினன்: அப்ப உங்க கை நல்லா இருந்துச்சு.

தையல்காரர்: நல்லாத்தான் இருக்கணும் இப்பவும். முரடன் திறந்தா நாளைக்குக் காலையில கத்தரிக்கோலை எடுக்கிறேன். திறக்கலைன்னா பெட்டியோட நீ எடுத்துட்டுப் போ. வெட்டுற மேசையையும் வித்துடுவோம்.

மனைவி: மேசை உங்களை என்ன பண்ணுச்சு?

தையல்காரர்: கத்திக்குள்ள இருக்கிற இந்த வில்லுக்குப் பயப்படுற விரல் கோட்டுத் துணியை வெட்டாது. வெட்டாத மேசை எதுக்கு, தூங்கவா?

மச்சினன்: எரியிற வீட்ல பிடுங்கினது லாபம்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போற ஆளா மாமா நான்? சரி, எடுங்க. நீங்க திறந்துடுவீங்க. சுலபமா வந்துடும், பாருங்க.

தையல்காரர்: ரொம்பத் தெம்பா இருக்கியே.

மச்சினன்: உங்கமேல நம்பிக்கை.

மனைவி: ஏங்க… இன்னிக்கு வேணாமே. நகமே இன்னும் சரியா வளரல.

மச்சினன்: நீ சும்மா இருக்கா. அவரை ஏன் பயமுறுத்துறே?

மனைவி: உனக்குத் தெரியாதுடா… ஒண்ணுமில்ல. ஒரு வாரம் போகட்டும்னு சொன்னேன்.

தையல்காரர்: தள்ளு. வெளிச்சத்தை மறைக்காதே.

மச்சினன்: நகம் அலகுக் குழியில உக்காந்துச்சா?

தையல்காரர்: உக்காந்துச்சு.

மச்சினன்: இழுங்க… என்ன மாமா?

தையல்காரர்: அசையல.

மச்சினன்: அசையலையா? அது எப்படி… இருக்க முடியாதே.

தையல்காரர்: ஏன் இருக்க முடியாது?

மச்சினன்: இல்ல… சும்மா சொன்னேன். இப்படிக் குடுங்க, ஒரு தடவை நான் பார்த்துட்டு…

தையல்காரர்: கையை எடு.

மனைவி: நகம் கிழிஞ்சிடுச்சு. ரத்தம் வருது பாருங்க. போதும், விடுங்க.

தையல்காரர்: வெட்டுத்துணி ஒண்ணு குடு.

மனைவி: தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னா எப்படிங்க?

தையல்காரர்: துணி குடுன்னேன். வழுக்குது.

மச்சினன்: மாமா, அந்தப் பேச்சையே விட்டுடுவோம். எனக்குப் பெட்டியும் வேணாம், முரடனும் வேணாம். நானே சொல்றேன்ல…

தையல்காரர்: நீ யாருடா சொல்ல? இது எனக்கும் இந்த விரலுக்கும் நடக்கிற பேச்சு. ரெண்டு பேரும் வாயை மூடுங்க… ம்… வருது.

மச்சினன்: வருதா?

தையல்காரர்: வருது… பாதி… பாதியில நிக்குது…

மனைவி: விட்டுடாதீங்க. விட்டா விரல்மேலயே மூடிக்கும். இழுங்க. இன்னும் கொஞ்சம்தான், இழுங்க.

தையல்காரர்: இழுக்காம… என்ன பண்றேன்… இந்தா.

மச்சினன்: டக்குன்னு கேட்டுச்சே. அக்கா, திறந்துடுச்சு. பார்த்தியா? முழுசா திறந்துடுச்சுக்கா.

மனைவி: பார்த்தேன்.

மச்சினன்: அழறியா?

மனைவி: ஊசி குத்திடுச்சு. போடா அந்தப் பக்கம்.

தையல்காரர்: மாப்ள, இப்படி உக்காரு. போன வாரம் முரடனைப் படம் எடுக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனியே. படம் எங்க?

மச்சினன்: அது… போன்ல…

தையல்காரர்: அலகைப் பிடிச்சிருக்கிற ஆணியைத் தளர்த்தினே.

மச்சினன்: …தளர்த்தினேன். கொண்டு வந்ததை எல்லாமே தளர்த்தித்தான் கொண்டு வந்தேன். பழைய கத்தியில அப்படிக் கை வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க பெட்டியை என் தலையில கட்டிட்டு ஒரு மூலையில உக்காந்துடுவீங்களோன்னு பயம் மாமா. வேற வழி தெரியல.

தையல்காரர்: நீ திருப்பிக் குடுத்த அன்னிக்கே திறந்து பார்த்தேன். தீப்பெட்டி மாதிரி திறந்துச்சு. உன்மேல வந்த கோபத்துக்கு அளவே இல்ல. அப்புறம் யோசிச்சேன்… ஏமாத்தி ஜெயிச்ச விரல் துணியை வெட்டுமா? அதான் ஆணியைத் திரும்ப இறுக்கியாச்சு. ரெண்டே தட்டு. பழைய முரடன் வந்துட்டான்.

மச்சினன்: இந்தக் கையால சுத்தியல் பிடிச்சீங்களா?

தையல்காரர்: கத்தியை நான் பிடிச்சேன். தட்டினது உங்க அக்கா.

மச்சினன்: அக்கா, நீயா? இவ்வளவு நேரம் வேணாம் வேணாம்னு தடுத்தது நீதானே?

தையல்காரர்: அதான் எனக்கும் புரியல. நீயே இறுக்கிட்டு நீயே ஏன் பயந்தே? இன்னிக்கு இவன் பழைய முரடனை விடவும் அடம்பிடிச்சான்…

மனைவி: நீங்க எண்ணெய் எடுக்கத் திரும்பினீங்கல்ல… அப்ப மூணாவதா ஒரு தட்டு தட்டினேன். நாளைக்கு நீங்க எடுக்கப் போற கத்தரிக்கோல் இவனை விட இறுக்கங்க.