போர்ச்சுல நிக்கிற இத்தாலிக்காரி

...ஒழுகத்தான் செய்யும் தம்பி, ஒழுகாம என்ன செய்யும்! அந்தக் காருக்குக் கீழ போயா படுத்தீங்க? வெள்ளச் சட்ட வேற. அலமாக்... போச்சு. கறுப்பு எண்ண, எந்த சோப்புக்கும் போகாது. என் போர்ச்சு டைல்ஸப் பாருங்க, தேச்சுத் தேச்சு என் கைரேகதான் அழிஞ்சுது. இவரக் கேட்டா என்ன சொல்வாரு தெரியுமா? ஒழுகுதுன்னா உள்ள எண்ண இருக்குன்னு அர்த்தமாம். ஒழுகறது நின்னாத்தான் பயப்படணுமாம்! கட்டிக்கிட்ட பாவத்துக்கு இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அந்த நாக்காலியில உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவாரு, பேட்டரி வாங்கத்தான் போயிருக்காரு. ஒரு மனுசன் காடி வாங்கணும்னு சிங்கப்பூர்லேருந்து கெளம்பி, செகண்ட் லிங்க் பாலத்து ஜாம்ல நின்னு, இந்த கெலாங் பாத்தாவுக்கு வந்து சேர்றாரு, அன்னிக்குப் பாத்து பேட்டரி சாவுது. வேணும்னே செய்யும் தம்பி இது. இத்தாலிக்காரி! பசியாறிட்டீங்களா? தேத்தண்ணி கலக்கவா? வேணாமா... சரி, பாருங்க, நல்லாப் பாருங்க. பாத்துட்டு இன்னிக்கே இழுத்துக்கிட்டுப் போயிருங்க.

நீங்களும் இவரும் என்ன வெல பேசுனீங்களோ, அது எனக்குத் தேவையில்ல. எனக்கு இந்த எடம் வேணும். அடுத்த மாசம் எங்க லோஷினிக்குக் கல்யாணம். ஒரே பொண்ணு. "ஹால்ல நலங்கு வேணாம்மா, நம்ம வீட்டுலயே வைம்மா"ன்னு கேட்டுச்சு. அது ஒண்ணுதான் கேட்டுச்சு என்கிட்ட. எங்க வைக்கிறது? உள்ள சோபாவப் போட்டா நடக்க எடமில்ல. போர்ச்சுல இவ குந்திக்கிட்டு இருக்கா. இவ மடியிலயா உக்கார வச்சு மஞ்சப் பூசறது? இவருகிட்ட அழுது, சண்ட போட்டு, பேசாம இருந்து... கடைசில வித்துர்றேன்னாரு. சொன்ன நாள்லேருந்து சோறு சரியா எறங்கல அவருக்கு. காடிக்கு! என் அப்பா செத்தப்பகூட ரெண்டு தட்டு சாப்பிட்ட மனுசன்.

எங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னாரா? குளுவாங் பக்கம் ஒரு எஸ்டேட்டு. வெள்ளக்காரத் தொரை ஒருத்தரு இதுல ரேஸ் ஓட்டிக்கிட்டு இருந்தாராம். ஊருக்குப் போறப்ப கொட்டாயில விட்டுட்டுப் போயிட்டாரு. உள்ள கோழி முட்ட போட்டுக்கிட்டு இருந்துச்சு தம்பி, சத்தியமா. நான் கல்யாணமாகி வந்த புதுசு. "லோரியில ஒரு சாமான் வருது, வாசல்ல நில்லு"ன்னாரு. ஐஸ்பொட்டிதான் வாங்கிட்டாருன்னு நான் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சிக்கெல்லாம் சொல்லிட்டு நிக்கிறேன். எறங்குது பாருங்க, இறக்க வெட்டுன கோழி மாதிரி, சக்கரம் இல்லாம!

ஏன் சிரிக்கிறீங்க? ரசிச்சுச் சிரிக்கிறீங்க. இவரும் இப்படித்தான், திட்டத் திட்டப் பூரிக்கிறது.

பாசிர் கூடாங்ல இவங்களுக்கு ஒரு கூட்டம் நடக்கும், போயிருக்கீங்களா? பழைய காடி ரேஸாம். நான் ஒரே ஒரு வாட்டி போனேன். மண்டை பொளக்குற வெயிலு. அதுல தலையில முடி இல்லாத மனுசங்க கையில தோலுறையும் கழுத்துல துணியுமா நிக்கிறாங்க. கெளம்பறாங்க, சுத்தறாங்க, கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கிறாங்க. அதுக்குக் கைதட்டு! எங்க போயிட்டு வந்தீங்கன்னு தட்டறீங்க? பாதிக் காடி பாதி வழியில படுத்துரும். படுத்துருச்சே, அழுவாங்கன்னு பாத்தா, அவனுக்குத்தான் சந்தோசம் ஜாஸ்தி. எல்லாரும் மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு, புதுசாப் பொறந்த கொழந்தயப் பாக்கற மாதிரி எட்டி எட்டிப் பாக்கறாங்க. நிக்காம ஓடுன காடிய ஒருத்தன் திரும்பிப் பாக்கல லா!

இன்னொண்ணு கேளுங்க. ஒரு ரப்பர் குழாய் வெடிச்சுப் போச்சு. இம்மாந்துண்டு குழாய். இத்தாலிலேருந்துதான் வரணும்னு மாசக்கணக்காக் காத்துக் கெடந்தாரு. தம்பி, இவரு அப்பா பால் மரம் வெட்டுனவரு, அம்மா பால் மரம் வெட்டுனவங்க. ரப்பருக்கு நடுவுல பொறந்து வளந்த மனுசன் இத்தாலிக்காரன்கிட்ட ரப்பர் வாங்கறாரு! அவனுக்கு ரப்பர் எங்கேருந்து போச்சாம்?

ஏர்கான் கெடயாது. மழ பேஞ்சா கண்ணாடி ஏறாது, வெயில் அடிச்சா எறங்காது. மூவார்ல சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு இதுல போனேன். எறங்க முடியல. காலு ஒரு பக்கம், சேல ஒரு பக்கம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுத்தாங்க. வீடியோக்காரன் பொண்ண விட்டுட்டு என்னய எடுக்கறான். சத்தம் வேற. காலையில ஸ்டார்ட் பண்ணா இந்தத் தாமான் குடியிருப்பே எந்திரிச்சு உக்காரும். இவரு மட்டும் கண்ண மூடிக்கிட்டு, "கேளு, எப்படிப் பாடுது பாரு"ங்கறாரு. என் பிரஷர் குக்கரும்தான் பாடுது, அதுக்கு ஒரு நாளும் கண்ண மூடல.

அழகில்லன்னு சொல்ல மாட்டேன். அந்த முன்பக்கம் வளைஞ்சு எறங்குது பாருங்க, அத மட்டும் ஒத்துக்குவேன். ஆனா அழக வச்சுப் பந்தியா போட முடியும்?

எங்க போறீங்க? அந்தப் பக்கமா? சொவத்தோட ஒட்டி நிறுத்தியிருக்கு, ஒடம்ப ஒடுக்கிக்கிட்டுத்தான் போகணும். போங்க, போங்க. இப்ப அந்தப் பக்கந்தான் பாக்க நல்லாருக்கு.

என்ன, போன எடுத்துப் பெருசாக்கிப் பாக்கறீங்க? இவரு அனுப்புன போட்டோவா? தொரை காடி மேல சாஞ்சு நிக்கிறாரே, அதானே? ஆமா, அதே கதவுதான். ஆமா, ரேஸ் நம்பர் பதினேழுன்னு இருந்துச்சு. இந்தப் பக்கம் எப்பவோ அழிஞ்சு போச்சு, அந்தக் கதவுல மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு. கேவலமா இருக்கும் தம்பி. தொரை அவரே பிரஷ்ல எழுதுனாராம், ஏழு சாஞ்சு கெடக்கும், பெயிண்ட் வழிஞ்சிருக்கும். அதுகூடப் பரவால்ல. கூட்டிப் பாருங்க. ஒண்ணும் ஏழும்? எட்டு! சீனவங்களுக்கு எட்டுன்னா உசுரு. நமக்கு எட்டுன்னா யாரு? சனீஸ்வரன். வாங்க வர்றதோ தமிழ் ஆளு. உங்க வீட்டுலயும் பெரியவங்க இருப்பாங்க, எட்டு போட்ட காடிய உள்ள விடுவாங்களா?

அதான், போன வாரம் இவரு ஒரு கேதத்துக்குப் போயிருந்தப்ப, நம்ம வீரமுத்துவக் கூப்பிட்டேன். தாமான்ல எல்லார் வீட்டு கேட்டுக்கும் அவருதான் பெயிண்ட்டு. பக்கத்து வீட்டு ஆளுங்கள வச்சு வெளிய தள்ளி, சேண்ட்பேப்பர் போட்டு நல்லாச் சொரண்டி, செவப்பு அடிச்சு, பழைய மாதிரியே உள்ள தள்ளிட்டோம். எங்க கேட்டு இருக்குல்ல, அதே செவப்பு. மின்னுது பாருங்க! இவருக்கே இன்னும் தெரியாது. வித்து முடியட்டும், சொல்லிச் சிரிக்கலாம்னு இருக்கேன்.

தம்பி... ஏன் கீழ உக்காந்துட்டீங்க? எண்ண இருக்கு அங்க. ஒடம்புக்கு ஆகலையா? தண்ணி கொண்டு வரவா?

என்னது? சொரண்டுன பெயிண்டா? அத எதுக்கு வைப்பாங்க... தூசிதானே. நீங்க வர்றீங்கன்னு கூட்டி அள்ளிக் குப்பையில போட்டுட்டேன்.

எங்க கெளம்பிட்டீங்க? இருங்க, அவரு வந்துருவாரு! ஏன் தம்பி, எண்ண ஒழுகுது, அது பரவால்ல. ஸ்டார்ட் ஆவல, பரவால்ல. கோழி முட்ட போட்டுச்சு, அதுக்கும் பல்லக் காட்டுனீங்க. தொரை கையால எழுதுன ஒரு பதினேழு இல்லன்னதும் வேணாமா? இது என்ன நியாயம்? நில்லுங்க, பெயிண்ட்டு வாங்கியாறேன், நானே எழுதித் தர்றேன்! ஒண்ணு, ஏழு, எழுதத் தெரியாதா எனக்கு? சாச்சே எழுதறேன்! வழிய விட்டே எழுதறேன் தம்பி! எம் பொண்ணு நலங்கு தம்பி... தம்பி!

...போயிட்டான். பைத்தியக்காரப் பய.

வாங்க. பேட்டரி கெடச்சிருச்சா? கீழ வைங்க மொதல்ல. வந்தாரு, பாத்தாரு, போயிட்டாரு. எனக்கென்ன தெரியும், சிங்கப்பூர் ஆளுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அவசரம்... அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க? இந்தப் பக்கம் வாங்க. சொன்னாக் கேளுங்க... ஏங்க! நல்லதுக்குத்தான் செஞ்சேன். வித்துரும்னுதான் செஞ்சேன், நம்ம புள்ளைக்காகத்தான்... கதவத் தடவிக்கிட்டே இருக்காதீங்க, அங்க ஒண்ணும் இல்லங்க. திட்டணும்னா திட்டிருங்க. என்னங்க... நீங்களுமா கீழ உக்கார்றீங்க? எண்ண இருக்குங்க அங்க.