அம்மாளும் சிங்க் மருந்தும்

“சாப்பாட்டிலை சிங்க் எண்ட சத்துக் கிடக்காம், பிள்ளையின்ரை குடல் அதை எடுக்காதாம். உதை நான் நம்பவேணுமோ?”

சண்டிலிப்பாய் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்தவன் மனைவியைக் கேட்டான். அவள் மடியில் குழந்தை. வாயைச் சுற்றிப் புண். கையில் ஆஸ்பத்திரி மருந்துப் போத்தில்.

“சிங்கை உள்ளுக்கை கொண்டுபோற புரதம் இவனுக்குப் பழுதாம். தாய்ப்பாலிலை இருக்கிறது லேசாப் போகுமாம். அதுதான் பால் மறக்கப்பண்ணினாப் பிறகு புண் வந்தது. மருந்தாக் கூடுதலாக் குடுத்தா மாறுமாம்.”

“இது அம்மாள் வருத்தம், அம்மை. அம்மாள் வந்தால் மருந்து குடுக்கிறேல்லை. வேப்பிலை மட்டும் காணும்.”

“ஆயுசுக்கும் குடுக்கவேணும் எண்டு டொக்டர் சொன்னவர். நிப்பாட்டினா உயிருக்கு ஆபத்தாம்.”

“எங்கடை குடும்பத்திலை ஒருத்தருக்கும் உப்பிடி வந்ததில்லை.”

குழந்தை சிணுங்கியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்கடை கடைசித் தம்பி குழந்தையிலை அம்மாள் வந்து செத்தது எண்டு மாமி சொல்லுறவ. அதுக்கும் பால் மறந்தாப் பிறகுதானே வந்தது? வாயைச் சுத்தித்தானே?”

அவன் அவள் கையிலிருந்த மருந்துப் போத்திலை வாங்கினான். மானிப்பாய் தாண்டும்போது அதன் மூடியைத் திருகினான்.

“கரண்டி கொண்டுவந்தனீரோ?”